புதுச்சேரியில் ஒரு ஜாஸ் ட்ரம்பெட் குவார்ட்டெட்டை நேரடியாகப் பதிவு செய்வது எப்படி

ட்ரம்பெட், பியானோ, டபுள் பாஸ், ட்ரம்ஸ். இந்த நால்வரையும் ரசிகர்கள் முன்னால், ஒரே கூடத்தில், ஹெட்ஃபோன் இல்லாமல் வாசிக்கவிட்டுப் பதிவு செய்யும் முறையை இங்கே சொல்கிறோம். பாதி ஸ்டாண்டர்ட் (ஜாஸ்காரர்கள் எல்லாரும் வாசிக்கும் பழைய பாட்டு), பாதி சொந்த மெட்டு என்று இரண்டு மாலை நிகழ்ச்சி. அதிலிருந்து ஓர் ஆல்பம். இதுதான் கணக்கு.

தொடங்குமுன் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். ட்ரம்பெட் எல்லா மைக்கிலும் விழும். பியானோவுக்கு வைத்த மைக்கில், பாஸுக்கு வைத்ததில், ட்ரம்ஸுக்கு மேலே தொங்குவதில், எல்லாவற்றிலும். அந்தக் கசிவை ஒழிக்கப் பார்ப்பவர்கள் கண்ணாடித் தடுப்பு, தனி அறை என்று போய் நால்வரையும் பிரித்துவிடுகிறார்கள். பிறகு வாசிப்பில் உயிர் இருப்பதில்லை. விழுகிற ஒலி நல்ல ஒலியாக விழும்படி இடத்தையும் ஆட்களையும் அமைப்பதே சரியான வழி. மைக்கின் விலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கூடமும் நாளும்

பிரெஞ்சுப் பகுதியில் உள்ள பழைய வீடுகளின் கூடம் கண்ணுக்கு அழகு. உயரமான மெட்ராஸ் டெரஸ் கூரை, சுண்ணாம்புச் சுவர், வழவழப்பான தரை. காதுக்கு அது ஆபத்து. 10 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் உயரம் உள்ள கூடத்தை எடுத்துக்கொள்வோம். கன அளவு 315 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்ந்த பரப்பு சுமார் 293 சதுர மீட்டர். கடினப் பரப்பு ஒலியில் 5% அளவே உறிஞ்சும் என்று வைத்து சபைன் சூத்திரத்தில் (0.161 × கன அளவு ÷ உறிஞ்சும் அளவு) போட்டால், எதிரொலி அடங்க ஏறக்குறைய 3.5 நொடி ஆகிறது. ட்ரம்ஸில் தாளத்தை ஓட்டும் ரைடு சிம்பல் அதில் ஒரே இரைச்சலாகிவிடும்.

40 பேர் வந்து உட்கார்ந்தால் அது 1.5 நொடிக்கு இறங்கும். கூடவே இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுள்ள இலவம்பஞ்சு மெத்தை பத்தைச் சுவரோரம் நிறுத்தினால் 1.1 நொடி அளவில் வந்து நிற்கும். ஜாஸுக்கு அது போதும். ஜமுக்காளமும் கோரைப்பாயும் மேல் ஸ்தாயியை மட்டும் கொஞ்சம் தின்னும், பாஸின் முழக்கத்தைத் தொடாது; கனமான மெத்தைதான் வேலை செய்யும். மெத்தைகளைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்துங்கள், இன்னும் கீழ் ஸ்தாயி வரை உறிஞ்சும். பாதி மெத்தைகள் ட்ரம்பெட்டின் வாய் எந்தச் சுவரைப் பார்க்கிறதோ அந்தச் சுவருக்குப் போகட்டும்.

ஆரோவில்லின் பாரத் நிவாஸ் மாதிரிப் பெரிய அரங்கம் கிடைத்தாலும், ஐம்பது பேருக்கு வாசிப்பதென்றால் சிறிய கூடத்தையே எடுங்கள். பெரிய அரங்கத்தில் ஐம்பது பேரின் கைதட்டல் பதிவில் மிக மெலிதாகக் கேட்கும்.

நாள் குறிப்பதில் அவசரம் வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஓட்டுக்கூரையில் மழை விழுந்தால் பதிவு முடிந்தது. ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கிகள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் பக்கம் ஊரே திரளும். ஜனவரி பொங்கல் கழிந்ததிலிருந்து மார்ச் முதல் பாதி வரை, மாசி மகம் நீங்கலாக, செவ்வாய் புதன் என்று எடுங்கள். கடற்கரைச் சாலையில் மாலையில் வாகனம் விடுவதில்லை என்றாலும், வார இறுதியில் பக்கத்து வீதிகளில் வண்டி நிறுத்த இடம் தேடுபவர்களின் ஹாரன் ஓயாது. அருகில் மாதா கோயில் இருந்தால் மணி அடிக்கும் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நடக்கவிருக்கும் அதே நேரத்தில், அதே கிழமையில் ஒருமுறை கூடத்தில் போய்ப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பதிவு செய்து வாருங்கள். குளிர்பெட்டியின் கம்ப்ரெஸர், மின்விசிறி ரெகுலேட்டரின் ஓசை, பக்கத்து மாடியின் மோட்டார் எல்லாம் அதில் வெளிப்படும்.

பாட்டு வரிசை

32 பார் (ஒரு பாருக்கு நான்கு தாள அடி) கொண்ட ஸ்டாண்டர்ட், நிமிடத்துக்கு 160 அடி வேகம். ஒரு கோரஸுக்கு (மெட்டின் முழுச் சுற்று ஒன்றுக்கு) 128 அடி, அதாவது 48 நொடி. மெட்டு ஒன்று, ட்ரம்பெட் மூன்று, பியானோ இரண்டு, பாஸ் ஒன்று, ட்ரம்ஸோடு நான்கு நான்கு பாராக மாற்றி வாசிப்பது ஒன்று, திரும்ப மெட்டு ஒன்று. ஒன்பது கோரஸ், 7 நிமிடம் 12 நொடி. இப்படி ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாலேயே கணக்குப் போட்டுவிட்டால் ஒரு செட்டுக்கு ஆறு பாட்டு, 45 நிமிடம் என்று அமையும். போடாவிட்டால் 14 நிமிடப் பாட்டு மூன்று கிடைக்கும். எதையும் ஆல்பத்தில் வைக்க முடியாது.

வரிசையைத் தீர்மானிப்பது ட்ரம்பெட்காரரின் உதடு. மேல் ஸ்தாயியில் நிற்கும் சொந்த மெட்டு இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில் வரட்டும். அதற்கடுத்து ம்யூட் (ட்ரம்பெட்டின் வாயில் செருகும் அடைப்பான்) போட்டு வாசிக்கும் மெதுவான பாட்டு. கடைசி இடத்தில் கஷ்டமான பாட்டை வைத்தால் சுரம் உடையும், இரண்டு நாளும் உடையும். இரண்டு மாலையும் ஒரே பாட்டுகளை வாசியுங்கள், வரிசையை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு டேக்காவது களைப்பில்லாத உதட்டோடு கிடைக்கும்.

சொந்த மெட்டுக்குத் தாள் அடிக்கும்போது இரண்டு வகை வேண்டும்: பியானோவுக்கும் பாஸுக்கும் கான்செர்ட் பிட்ச் (ஒலிக்கும் சுரம் அப்படியே), பி ஃப்ளாட் ட்ரம்பெட்டுக்கு ஒரு முழு சுரம் மேலே எழுதியது. கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) எழுத்துகளையும் சேர்த்து மாற்றியிருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருளில் சுரம் மாறி, கையால் தட்டிய கார்டு பெயர் பழையபடியே நிற்பது அடிக்கடி நடக்கிறது. தாளை ஸ்டாண்டில் துணிக் கிளிப்பால் கடித்து வையுங்கள்.

பியானோவும் வெப்பமும்

புதுச்சேரியின் ஈரக்காற்றில் பியானோவின் பலகை உப்பும், சுருதி ஏறும். ஏசி போட்டு உலர்த்தினால் இறங்கும். ஆகவே நிகழ்ச்சி நேரத்தில் கூடம் எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலையில்தான் சுருதி சேர்க்க வேண்டும். ட்யூனர் பெரும்பாலும் சென்னையிலிருந்து வர வேண்டியிருக்கும். முதல் நாள் வந்து முழுதாக ஒருமுறை, நிகழ்ச்சி நாள் நண்பகலில் ஒன்றரை மணி நேரம் மறுபடி. அந்த ஒன்றரை மணி நேரமும் கூடத்தில் வேறு எந்தச் சத்தமும் கூடாது. மைக் ஸ்டாண்டு இழுப்பதெல்லாம் பிறகு.

ட்ரம்பெட்டின் சுருதியை நகர்த்துவது வெப்பம். காற்று சூடாக ஆகச் சுருதி ஏறும், ஒரு டிகிரி செல்சியஸுக்கு 3 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வரை. ஏசியில் 24 டிகிரியில் தொடங்கி, ஏசியை நிறுத்தியபின் கூட்டத்தின் சூட்டில் 30 டிகிரி ஆனால் 17 சென்ட் அளவுக்குப் போய்விடும். ட்ரம்பெட் குழாய் நேராக நீட்டினால் சுமார் 148 செ.மீ.; அந்த ஏற்றத்தைச் சரிக்கட்ட ட்யூனிங் ஸ்லைடை 7 மி.மீ. போல வெளியே இழுக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு பியானோகாரர் ஒரு சுரம் தொட்டுக்காட்ட, ட்ரம்பெட்காரர் சரிபார்ப்பதை வழக்கமாக்குங்கள். ஏசியை நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் முன்பு நிறுத்தி, இடைவேளையில் மட்டும் போடுங்கள்.

யார் எங்கே நிற்பது

இதைத்தான் பொறுமையாகச் செய்ய வேண்டும். ரசிகர் பார்வையில் சொல்கிறோம். கிராண்ட் பியானோ இடப்பக்கம், மூடி ரசிகர்களை நோக்கித் திறக்கும்படி. அதன் வளைவில் ட்ரம்பெட்காரர், முகம் ரசிகர்களை நோக்கி. பியானோவின் வால் முனைக்குப் பக்கத்தில் பாஸ். வலப்பக்கம் ட்ரம்ஸ், கீழே கனமான கம்பளம். பாஸ்காரருக்கும் ரைடு சிம்பலுக்கும் இடையே இரண்டு மீட்டருக்கு மேல் போகக்கூடாது. தாளத்தைத் தாங்குவது அந்த இருவர்தான்; 30 டிகிரி காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க 2.9 மில்லி நொடி ஆகும், ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டே இருப்பார்கள்.

ட்ரம்பெட்டுக்கு ரிப்பன் மைக் (மெல்லிய உலோகத் தகட்டால் ஒலியைப் பிடிப்பது) பொருத்தம். ராயர் ஆர்-121 போன்றது 135 டெசிபல் அழுத்தம் வரை தாங்கும். ட்ரம்பெட்டின் வாயருகே ஒலி 130 தொடுவதுண்டு. ரிப்பனின் இன்னொரு குணம் இதைவிட முக்கியம்: அது முன்னாலும் பின்னாலும் கேட்கும், இரு பக்கவாட்டிலும் கேட்காது. அந்தச் செவிட்டுப் பக்கத்தை ட்ரம்ஸுக்குக் காட்டுங்கள். அதற்கு ட்ரம்ஸ் மைக்குக்குப் பின்னால் ஒதுங்காமல், மைக்கின் தோளுக்கு நேராக முன்னால் வந்திருக்க வேண்டும். ஒருவர் ஸ்நேர் என்னும் சிறு ட்ரம்மைத் தட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் மைக்கை அங்குலம் அங்குலமாகத் திருப்பட்டும். ஸ்நேர் சட்டென்று அமுங்கும் இடம் ஒன்று வரும், அங்கே இறுக்குங்கள். மைக்கின் முதுகு ரசிகர்களைப் பார்ப்பதால் முதல் வரிசை குறைந்தது இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

மைக்குக்கும் ட்ரம்பெட் வாய்க்கும் இடையே 45 செ.மீ., நேர் அச்சிலிருந்து 15 டிகிரி விலக்கி. 20 செ.மீ. என்று நெருக்கினால் வாசிப்பவர் தலையை அசைத்தாலே ஒலி ஏறி இறங்கும். 45-இல் அந்த ஆட்டம் அடங்கிவிடும். கால் வைக்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறியுங்கள். மின்விசிறிக் காற்று ரிப்பன் மேல் படவே கூடாது, மெல்லிய அலுமினியத் தகடு தளர்ந்துவிடும். பாசிவ் ரிப்பன் (மின்சாரம் தேவைப்படாதது) உள்ள சானலில் பேண்டம் பவரை (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) அணைத்து வையுங்கள். கேபிள் ஒன்று தவறாக இணைக்கப்பட்டிருந்தால் 48 வோல்ட் அந்தத் தகட்டைக் கெடுத்துவிடும்.

ஹார்மன் ம்யூட் வைத்தால் ஒலி ஊசி போல மெலிந்துவிடும், 45 செ.மீ. மைக் அதைப் பிடிக்காது. தனியாக எஸ்எம்57 என்னும் டைனமிக் மைக் ஒன்றை வைத்து, அந்தப் பாட்டுக்கு மட்டும் ம்யூட்டின் துளையிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். ம்யூட் சுருதியை ஏற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். கழற்றிய ம்யூட்டைத் தரையில் வைத்தால் டங்கென்று கேட்கும். ஒரு நாற்காலியில் துண்டு விரித்து அதில் வைக்கட்டும். எச்சில் வால்வை ஊதுவதும் பாஸ் சோலோவின் நடுவில் நடந்தால் பதிவில் தெளிவாக விழும். மைக்குக்கு முதுகு காட்டி, பாட்டு முடிந்தபின் ஊதுவதே நல்லது.

மற்ற மைக்குகள்

பியானோவுக்கு மூடியைச் சின்னக் கம்பில் நிறுத்தி, சிறிய டயஃப்ரம் (ஒலியை வாங்கும் சவ்வு) உள்ள கார்டியாய்ட் (முன்பக்கமே அதிகம் கேட்கும்) மைக் இரண்டு, கம்பிகளுக்கு 25 செ.மீ. மேலே. விலை குறைந்த பெரிய டயஃப்ரம் மைக்குகள் பக்கவாட்டு ஒலியைக் கரகரப்பாகப் பிடிப்பதுண்டு. ட்ரம்பெட் கசிவு அசிங்கமாகக் கேட்க அதுவே காரணமாகிவிடும். சிறிய டயஃப்ரத்தில் அதே கசிவு மங்கலாக, மென்மையாக விழும்.

பாஸுக்குப் பிரிட்ஜிலிருந்து (தந்திகளைத் தாங்கும் பலகை) 20 செ.மீ. தள்ளி ஒரு மைக், கூடவே பிக்கப்பிலிருந்து (வாத்தியத்தில் பொருத்திய ஒலிவாங்கி) டிஐ பாக்ஸ் என்னும் இணைப்புப் பெட்டி வழியாக ஒரு லைன். டிஐ மட்டும் கேட்டால் ரப்பர் போலிருக்கும், மைக் மட்டும் என்றால் ட்ரம்ஸே அதிகம் கேட்கும். இரண்டையும் சேர்த்து, ஒன்றின் பொலாரிட்டியை (சிக்னலின் + − திசை) திருப்பிப் பார்த்து, எதில் கீழ் ஸ்தாயி நிறைவாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பாஸுக்கும் ட்ரம்ஸுக்கும் நடுவே இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மெத்தை போதும். கண் பார்த்துக்கொள்ள வழி இருக்க வேண்டும்.

ட்ரம்ஸுக்கு ஓவர்ஹெட் (மேலே தொங்கும் மைக்) இரண்டு. ஸ்நேரின் நடுவில் ஒரு நூலைக் கட்டி, இரண்டு மைக்கும் அதே நீளத்தில் வருமாறு அளந்து வையுங்கள், இல்லையென்றால் ஸ்நேர் ஒரு பக்கம் சாயும். 18 அங்குல ஜாஸ் கிக் (காலால் அடிக்கும் ட்ரம்) என்றால் அதற்குத் தனி மைக் கட்டாயமில்லை. கூடத்தின் பின்பாதியில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு ஜோடி மைக், அறை ஒலிக்கும் கைதட்டலுக்கும்.

மொத்தம் 12 சானல்: ட்ரம்பெட் 2, பியானோ 2, பாஸ் 2, ஓவர்ஹெட் 2, கிக், ஸ்நேர், அறை 2. எட்டே சானல்தான் இருக்கிறது என்றால் ம்யூட் மைக், கிக், ஸ்நேர், அறையில் ஒன்று ஆகியவற்றை விடுங்கள். ம்யூட் பாட்டுக்கு எஸ்எம்57-ஐ அறை மைக்கின் சானலில் மாட்டிக்கொள்ளலாம்.

கன்டென்சர் மைக்குகளை (பேண்டம் பவரில் இயங்குபவை) காரின் ஏசிக் குளிரிலிருந்து இறக்கி உடனே மாட்டக் கூடாது. ஈரம் படிந்து படபடவென்று வெடிக்கும். இரண்டு மணி நேரம் முன்பே கூடத்தில் பெட்டியைத் திறந்து வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் எப்போதும் இருக்கட்டும்.

லெவலும் மின்சாரமும்

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஒலிச் சோதனையில் ட்ரம்பெட்டின் உச்சம் −16 டிபிக்கு (0 தாண்டினால் ஒலி உடையும்) மேல் போகாமல் வையுங்கள். கூட்டத்தைப் பார்த்ததும் எல்லாரும் 4 முதல் 6 டிபி கூடுதலாக ஊதுவார்கள், மேலே இடம் வேண்டும். சோதனை அரை மணிக்குள் முடியட்டும். முழு பலத்தோடு ஊதுவது கடைசி இரண்டு நிமிடம் மட்டும். உதட்டை அங்கேயே தீர்த்துவிடக் கூடாது.

12 சானலுக்கு நிமிடத்துக்கு சுமார் 104 எம்பி. சோதனையும் இரண்டு செட்டும் சேர்ந்து 160 நிமிடம் என்றால் 16.6 ஜிபி, 32 பிட் ஃப்ளோட் என்றால் 22 ஜிபி. 64 ஜிபி மெமரி கார்டு தாராளம். இடைவேளையிலும் பதிவை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மறுபடி தொடங்க மறந்துபோகும் அபாயம் உண்டு. கூடத்தை விட்டுக் கிளம்புமுன் இரண்டு தனித்தனி டிஸ்க்கில் நகல்.

பதிவுக் கருவியை பேட்டரியில் அல்லது சைன்வேவ் யுபிஎஸ்ஸில் ஓட்டுங்கள். சாதாரண சதுர அலை இன்வெர்ட்டர் பாஸ் பிக்கப்பில் உறுமும். டிம்மர் போட்ட விளக்கும் அப்படியே. எல்லாக் கருவிக்கும் ஒரே சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுத்தால் எர்த் ஹம் பெரும்பாலும் வராது. ஐம்பது பேர் கூடத்தில் ட்ரம்பெட்டுக்கு ஒலிபெருக்கி வேண்டாம், மானிட்டரும் வேண்டாம். பாஸ் ஆம்ப்பை மட்டும் நாற்காலி மேல் வைத்து, வாசிப்பவர் காதுக்குக் கேட்கும் அளவுக்குத் திருப்பினால் போதும்.

தொகுப்பும் கலவையும்

இரண்டு மாலை டேக்குகளையும் ஒட்டலாம், ஆனால் எல்லா சானலையும் சேர்த்தே வெட்ட வேண்டும். ட்ரம்பெட்டின் ஒரு தப்புச் சுரத்தை மட்டும் மாற்றினால், பழைய சுரம் ஓவர்ஹெட்டிலும் பியானோ மைக்கிலும் அப்படியே கேட்கும். கோரஸ் தொடங்கும் இடத்தில், ரைடு அடிக்கு ஒரு கணம் முன்னால், 10 முதல் 30 மில்லி நொடி கிராஸ்ஃபேட் (ஒன்று மங்க இன்னொன்று எழும் ஒட்டு). இரண்டு டேக்கின் வேகமும் நிமிடத்துக்கு இரண்டு அடிக்கு மேல் வேறுபட்டால் ஒட்டு காதில் இடறும். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ட்ரம்ஸ்காரர் ஒளி மட்டும் காட்டும் மெட்ரோனோமைப் பார்த்துவிட்டு எண்ணட்டும். இரண்டு நாளும் மைக்கை யாரும் தொடக்கூடாது என்பதும் இதனால்தான்.

கலக்கும்போது ஓவர்ஹெட்டிலும் பியானோவிலும் தொடங்குங்கள். அதிலேயே பாதி ட்ரம்பெட் இருக்கும். பிறகு ட்ரம்பெட் மைக்கை மெதுவாக ஏற்றி, அது முன்னால் வந்து நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். ட்ரம்பெட்டின் மிகக் கீழ்ச் சுரமே 165 ஹெர்ட்ஸ் என்பதால் 120-க்குக் கீழே வெட்டிவிடலாம். ரிப்பனுக்கு 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டிபி தூக்கல் கேட்கும். குத்தினால் 3 கிலோஹெர்ட்ஸைக் கொஞ்சம் குறையுங்கள். கைதட்டலுக்கு அறை மைக்கைத் திடீரென்று ஏற்றாதீர்கள், கூடமே மாறியது போலாகும். கடைசி சிம்பல் அடங்கும்போதே ஏற்றத் தொடங்க வேண்டும். ஸ்பாட்டிஃபை −14 எல்யுஎஃப்எஸ் என்னும் சராசரி ஒலி அளவுக்குச் சமன் செய்கிறது என்பதற்காக நசுக்கி அங்கே கொண்டுபோக வேண்டாம். −17, உச்சம் −1 என்று விட்டால் ட்ரம்பெட் மூச்சு விடும்.

உரிமை

வெளியிடுமுன் ஒவ்வொரு ஸ்டாண்டர்டுக்கும் இசையமைத்தவர் இறந்த ஆண்டைப் பாருங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இந்தியாவில் அந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை உரிமை நிற்கும். வாத்திய இசைக்குப் பாடலாசிரியர் கணக்கில் வரமாட்டார். ஜார்ஜ் கெர்ஷ்வின் 1937, ஜெரோம் கெர்ன் 1945, கோல் போர்ட்டர் 1964: இந்தியாவில் விடுபட்டவை. ட்யூக் எலிங்டன் 1974, ஆகவே 2034 முடிய. தெலோனியஸ் மங்க் 1982, ஆகவே 2042 முடிய. அப்படிப்பட்டவற்றுக்கு ஐ.பி.ஆர்.எஸ். (இசை உரிமையாளர் சங்கம்) அல்லது உரிமையாளரிடம் எழுத்தில் உரிமம் வாங்க வேண்டும். அமெரிக்கக் கணக்கு வேறு. அங்கே அந்தக் காலத்துப் பாட்டுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. 1935இல் வெளியான கெர்ஷ்வின் மெட்டு இங்கே விடுபட்டிருந்தாலும் அங்கே 2030 முடிய உரிமையில் இருக்கும். எனவே விநியோகஸ்தரின் படிவத்தில் அதைக் கவர் (மற்றவர் மெட்டை வாசித்தது) என்றே குறியுங்கள், இசையமைத்தவர் பெயரைச் சரியாக எழுதுங்கள்.

சொந்த மெட்டுகளுக்கு, யாருக்கு எத்தனை சதவீதம் என்று நால்வரும் கையெழுத்திட்ட தாள் ஒன்று பதிவுக்கு முன்பே இருக்கட்டும். ஒவ்வொரு டிராக்குக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் சர்வதேசப் பதிவு அடையாள எண் வேண்டும், இந்தியாவில் அதை இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி அமைப்பு தருகிறது, விநியோகஸ்தர் வழியாகவும் கிடைக்கும். இரண்டு மாலையின் டேக்கும் ஒட்டப்பட்ட டிராக்குக்கு இரண்டு தேதியையும் அட்டையில் போடுங்கள்.